செல்போனும் ப்ளூடூத் ஹெட்செட்டும் பேசிக்கொள்வது எப்படி? நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன், பக்கத்து ஊரில் ஒரு ஜனாஸாவில் கலந்துகொள்ள நண்பர் ஒருவரின் காரில் சென்றுகொண்டிருந்தோம். காரில் நம்மைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். வழியில் நம் செல்போன் அடித்தது. ஜிப்பா பையிலிருந்து எடுத்து, பச்சைப் பொத்தானைத் தொட்டுக் காதில் வைத்தோம். காதில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் காரின் கதவுகளில் இருந்த ஸ்பீக்கர்களிலிருந்து ஒரு பெண்மணியின் குரல் உரக்கக் கேட்டது. தன் பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு, "ஹஜ்ரத், அவர் நேத்து ராத்திரி தலாக்னு சொல்லிட்டார். புள்ளைங்க முன்னாடியே சொல்லிட்டார்" என்று அழுதார்.

என்ன நடக்கிறது என்று புரிந்து, தடுமாறி, இணைப்பைத் துண்டிப்பதற்குள் ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டியதை அவர் நான்கு பேரிடம் சொல்லி முடித்துவிட்டார். காரில் யாரும் பேசவில்லை. அந்த மூவரில் ஒருவர் அதே தெருவைச் சேர்ந்தவர்.

மறுநாள் அந்தச் சகோதரியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்க வேணும்னு செய்யலைன்னு தெரியும் ஹஜ்ரத். வேற எந்தப் பொண்ணுக்கும் இப்படி ஆகாம பாத்துக்கங்க" என்றார். அவருடைய அனுமதியோடுதான், அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி, இதை இங்கே எழுதுகிறோம்.

இது ஏன் நடந்தது என்று விசாரித்தபோது காரணம் மிகச் சிறியதாக இருந்தது. அதற்கு முந்தைய ரமளானில் ஒரு பயானுக்குப் போகும் வழியில், கிராஅத் கேட்பதற்காக அந்தக் காருடன் நம் செல்போனை ப்ளூடூத் மூலம் இணைத்திருந்தோம். நாம் அதை மறந்துவிட்டோம். காரும் செல்போனும் மறக்கவில்லை.

நாம் மத்ரஸாவில் ஓதியவர்கள், கல்லூரியிலும் கலைப் பாடம் படித்தவர்கள். பொறியியல் நம் துறை அல்ல. ஆயினும் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, தினமும் கையில் வைத்திருக்கும் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தேடிப் படித்தோம். தெரிந்துகொண்டதை எளிய தமிழில் இங்கே தருகிறோம்.

பெயரும் பிறப்பும்

செல்போனுக்கும் காதில் மாட்டும் கருவிக்கும் இடையே இருந்த கம்பியை நீக்க வேண்டும் என்பதுதான் ப்ளூடூத்தின் தொடக்ககால நோக்கங்களில் ஒன்று. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில் 1994-ஆம் ஆண்டு இந்த வேலை ஆரம்பமானது. நெதர்லாந்தைச் சேர்ந்த யாப் ஹார்ட்சன் என்ற பொறியாளரும், ஸ்வென் மட்டிசன் என்பவரும் இதில் முக்கியமானவர்கள்.

ஒரு நிறுவனத்தின் செல்போனும் வேறு நிறுவனத்தின் ஹெட்செட்டும் பேசிக்கொள்ள வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான மொழி தேவை. அதற்காக எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களும் 1998-ஆம் ஆண்டு ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. முதல் விதிமுறை 1999-இல் வெளிவந்தது.

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற மன்னரின் பட்டப்பெயர்தான் 'ப்ளூடூத்'. டென்மார்க்கையும் நார்வேயையும் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தவர் அவர். பிரிந்து கிடக்கும் கருவிகளை ஒன்று சேர்ப்பதால் இந்தப் பெயர் பொருந்தும் என்று இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கார்டாக் யோசனை சொன்னார். செல்போனில் நாம் பார்க்கும் அந்த நீல நிற அடையாளம், அம்மன்னரின் பெயரிலுள்ள முதல் எழுத்துகள் இரண்டையும் பழைய வட ஐரோப்பிய எழுத்து முறையில் ஒன்றோடொன்று சேர்த்து வரைந்ததாகும்.

கம்பிக்குப் பதிலாக ரேடியோ அலை

ப்ளூடூத்தில் குரலைச் சுமந்து செல்வது ரேடியோ அலை. வானொலியும் செல்போன் கோபுரமும் வைஃபையும் பயன்படுத்துவதும் இதே வகை அலைகளைத்தான். வேறுபாடு இரண்டு. ஒன்று அலைவரிசை, மற்றொன்று சக்தி.

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பகுதியில் வேலை செய்கிறது. அதாவது ஒரு நொடிக்குச் சுமார் 240 கோடி முறை அதிரும் அலை. உலகின் பெரும்பாலான நாடுகளில் இந்தப் பகுதியைத் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அதனால்தான் வைஃபை, கம்பியில்லாத கீபோர்டு, மவுஸ் எல்லாம் இங்கேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. அடுப்பு ஓடும்போது பக்கத்தில் நின்று ஹெட்செட்டில் பேசினால் சில நேரம் குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்கு அதுவே காரணம்.

சக்தியைப் பொறுத்து ப்ளூடூத் கருவிகளை வகைப்படுத்துவார்கள். பத்து மீட்டர் வரை எட்டும் இரண்டாம் வகைக் கருவிகள் அதிகபட்சம் 2.5 மில்லிவாட் சக்தியில் அலையை அனுப்புகின்றன. நூறு மீட்டர் வரை எட்டக்கூடிய முதல் வகைக்கு 100 மில்லிவாட் வரை அனுமதி உண்டு. கோபுரத்தைத் தேடி அலை அனுப்பும் செல்போனோ, பழைய இரண்டாம் தலைமுறைச் சேவையில் உச்ச நேரத்தில் 2 வாட் வரை, அதாவது 2000 மில்லிவாட் வரை பயன்படுத்தும். "காதில் மாட்டினால் கதிர்வீச்சு தாக்குமா ஹஜ்ரத்?" என்று பெண்கள் நம்மிடம் கேட்பதுண்டு. ஹெட்செட் வெளியிடும் அலை, காதோடு ஒட்டிப் பிடித்த செல்போன் வெளியிடுவதைவிடப் பல மடங்கு குறைவு என்பதே அதற்குப் பதில். நாம் அஞ்ச வேண்டியது சத்தத்தின் அளவுக்குத்தான். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபல் அளவில் அதே நேரம் என்பதை உலக சுகாதார நிறுவனம் எல்லையாகச் சொல்கிறது. சத்தம் கூடக் கூட, பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் வேகமாகக் குறையும்.

இந்த அலைக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் இதை உறிஞ்சிவிடும். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர்தானே! செல்போனை இடப்பக்கப் பையில் வைத்துவிட்டு வலக்காதில் ஹெட்செட்டை மாட்டினால், நம் உடலே இடையில் ஒரு சுவராக நின்றுவிடும். வீட்டுக்குள் பேசும்போது ஒழுங்காக இருக்கும் குரல், திறந்த மைதானத்தில் விட்டுப் போவதற்கும் இதுதான் காரணம். வீட்டில் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் காதை வந்தடையும். மைதானத்தில் திருப்பி அனுப்ப ஒன்றும் இருக்காது. ஹெட்செட் எந்தக் காதில் இருக்கிறதோ அந்தப் பக்கத்துப் பையில் செல்போனை வைத்தால் போதும்.

ஒரு நொடியில் 1600 தாவல்கள்

இத்தனை நெரிசலில் ஒரு குரல் மற்றொன்றோடு கலக்காமல் எப்படிப் போய்ச் சேருகிறது?

ஒரு வலீமா விருந்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மண்டபம் முழுக்கப் பேச்சுச் சத்தம். இரண்டு நண்பர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். "முதலில் 12-ஆம் மேஜையில் ஒரு சொல், பிறகு 47-ஆம் மேஜையில் ஒரு சொல், அடுத்து 5-ஆம் மேஜையில்" என்று இருவரும் ஒரே வரிசைப்படி இடம் மாறிக்கொண்டே பேசுகிறார்கள். ஒரு மேஜையில் இரைச்சலாக இருந்தால் ஒரு சொல்தான் நஷ்டம். வரிசை தெரியாத மூன்றாம் நபருக்கு முழுப் பேச்சையும் தொடர்வது கடினம்.

ப்ளூடூத் செய்வதும் இதைத்தான். தன் அலைவரிசைப் பகுதியை 79 சிறிய தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1600 முறை வரை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தங்கலும் ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் 625 பங்கு மட்டுமே. இணைப்பை நடத்தும் கருவியின் முகவரி எண்ணையும் அதன் கடிகாரத்தையும் வைத்து இந்த வரிசை கணக்கிடப்படுகிறது. செல்போனும் ஹெட்செட்டும் ஒரே கணக்கைப் போடுவதால் ஒன்றையொன்று தவறவிடுவதில்லை. 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, வைஃபை போன்றவை ஆக்கிரமித்திருக்கும் தடங்களைக் கண்டுபிடித்து ஒதுக்கும் திறனும் சேர்ந்தது.

எனினும் தாவல் வரிசையை ரகசியம் என்று நம்பிவிடக் கூடாது. தகுந்த கருவியும் பொறுமையும் உள்ளவர் அதைக் கணித்துவிடலாம். உண்மையான பாதுகாப்பு அடுத்து வரும் படியில்தான் இருக்கிறது.

ஜோடி சேர்ப்பது ஓர் ஒப்பந்தம்

புதிய ஹெட்செட் வாங்கியவுடன் அதன் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கிறோம். விளக்கு மினுங்குகிறது. "நான் இங்கே இருக்கிறேன், என்னோடு சேரலாம்" என்று அது சுற்றுப்புறத்துக்கு அறிவிக்கிறது. செல்போனில் அதன் பெயர் தெரிகிறது. தொட்டவுடன் இணைகிறது. இதைத்தான் பேரிங், அதாவது ஜோடி சேர்த்தல் என்கிறார்கள்.

அந்த ஒரு நொடியில் உள்ளே பெரிய காரியம் நடக்கிறது. இரு கருவிகளும் தங்களுக்குள் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்கின்றன. அதுதான் சாவி. இரண்டும் அதைத் தத்தம் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கின்றன. இனி இவற்றுக்கிடையே செல்லும் ஒவ்வொரு சொல்லும் அந்தச் சாவியிலிருந்து பெறப்பட்ட எண்ணால் பூட்டப்பட்டு, மறுமுனையில் திறக்கப்படும். சாவி இல்லாதவருக்கு அது வெறும் இரைச்சல்.

ரகசிய எழுத்துகளை ஆராயும் கலைக்கு ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாதில் அல்கிந்தி அடிக்கல் நாட்டினார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, ரகசியச் செய்தியை உடைக்கும் முறையை விளக்கி அவர் நூல் எழுதினார். அப்படி எண்ணிப் பார்த்து உடைக்க முடியாதபடி பூட்டுவதுதான் இன்றைய முறைகளின் வேலை.

ஆரம்ப காலத்தில் இந்தச் சாவியை உருவாக்க நான்கு இலக்க எண் ஒன்றைக் கேட்பார்கள். பெரும்பாலான ஹெட்செட்களில் அது 0000 அல்லது 1234. எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு போட்டதுபோல! 2007-இல் வந்த 2.1 பதிப்பு இதை மாற்றி, சாவியைக் காற்றில் அனுப்பாமலேயே இரு பக்கமும் ஒரே சாவியைக் கணக்கிட்டுக்கொள்ளும் வழியைக் கொண்டுவந்தது. திரை உள்ள கார்களில் இணைக்கும்போது இரு பக்கமும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றுகிறதே, அது இதன் ஒரு பகுதி. இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால், இடையில் வேறு யாரும் புகவில்லை என்று பொருள். பார்க்காமலேயே 'சரி' என்று அழுத்துவது, கதவைத் தட்டியது யார் என்று கேட்காமல் திறப்பதற்குச் சமம். ஹெட்செட்டுக்குத் திரை இல்லாததால் இந்தச் சரிபார்ப்பு அதில் நடப்பதில்லை. அதனால் புதிய ஹெட்செட்டை முதன்முதலில் பேருந்து நிலையம் போன்ற இடங்களில் வைத்து இணைக்காமல், வீட்டில் வைத்து இணைப்பது நல்லது.

இங்கேதான் நம் கதைக்கு விடை இருக்கிறது. ஒரு முறை ஜோடி சேர்ந்துவிட்டால், அடுத்த முறை அந்தக் கருவிகள் நம்மைக் கேட்பதில்லை. காரின் சாவியைத் திருப்பியவுடன், கார் தன் பட்டியலில் உள்ள செல்போன்களை முகவரி சொல்லி அழைக்கிறது. செல்போன் பதில் சொல்கிறது. இரண்டும் பழைய சாவியைச் சரிபார்க்கின்றன. இணைப்பு ஆகிவிடுகிறது. உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது கருவிக்குத் தெரியாது. பிறர் வீட்டில் நுழையும் முன் அனுமதி பெற்று ஸலாம் சொல்ல வேண்டும் என்று சூரத்துந் நூர் நமக்குக் கற்றுத் தருகிறது. கருவியோ ஒரு முறை கொடுத்த அனுமதியை என்றைக்கும் உள்ள அனுமதியாக எடுத்துக்கொள்கிறது. திரும்பப் பெறும் பொறுப்பு நம்முடையது.

குரல் போகும் இரண்டு வழிகள்

ஹெட்செட்டில் கிராஅத் கேட்கும்போது தெளிவாக இருக்கிறது. அதே ஹெட்செட்டில் பேசும்போது, பழைய லேண்ட்லைன் போல மங்கிப் போகிறது. கருவி பழுதா என்று பலர் கேட்கிறார்கள். பழுது இல்லை. ப்ளூடூத்தில் குரலுக்கு இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ஒலிப்பதிவுகளைக் கேட்பதற்கான வழி. இது ஒருவழிப் பாதை. செல்போனிலிருந்து காதுக்கு மட்டும் செல்லும். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கப்பட்ட ஒலியைச் சுருக்கி, பொறுமையாக அனுப்புகிறது. வழியில் ஏதேனும் தொலைந்தால் மீண்டும் அனுப்ப நேரம் இருக்கும். அதற்காகச் சிறிது சேமித்து வைத்தே ஒலிக்கும். அதனால்தான் வீடியோவில் உதடு அசைந்த பிறகு சொல் கேட்பதுபோல் சில நேரம் தோன்றுகிறது.

இரண்டாவது, உரையாடலுக்கான ஹேண்ட்ஸ் ஃப்ரீ வழி. இது இருவழிப் பாதை. பேசுவதும் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், தாமதமும் கூடாது. எனவே பழைய முறையில் நொடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கப்படுகின்றன. புதிய கருவிகள் இரண்டும் ஒத்துழைத்தால் 16,000. மைக் திறந்தவுடன் செல்போன் முதல் வழியை விட்டுவிட்டு இரண்டாவதுக்கு மாறுகிறது. குரல் மங்குவது அப்போதுதான்.

ஹெட்செட்டில் உள்ள பொத்தான் வேலை செய்வதும் சுவாரஸ்யமானது. அழைப்பு வந்தவுடன் செல்போன் ஹெட்செட்டுக்கு 'ரிங்' என்ற சொல்லை அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால் ஹெட்செட் 'ஏடிஏ' என்ற கட்டளையைத் திருப்பி அனுப்புகிறது. கணினிகளைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்த பழைய மோடம்களின் மொழி இது. இன்றும் நம் காதோரத்தில் அது உயிரோடு இருக்கிறது.

இணைய வழியில் பிள்ளைகளைக் குர்ஆன் ஓத வைக்கும் பெற்றோர் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் அறிய வேண்டும். நொடிக்கு 8,000 மாதிரிகள் எடுத்தால், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசை எதுவும் வராது. ஸகர இனத்து எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய சீறல் ஓசையின் பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கிறது. ஸா, ஸீன், ஸாத் மூன்றையும் தமிழில் ஒரே 'ஸ' கொண்டு எழுதுகிறோம். எனவே பிள்ளைக்குக் காது ஒன்றுதான் வழிகாட்டி. அந்தக் காதுக்குப் போகும் ஒலியிலேயே வேறுபாடு அறுபட்டுவிட்டால் உஸ்தாத் எத்தனை முறை திருத்தினாலும் பிள்ளைக்கு விளங்காது. மக்ரஜ் பாடத்துக்குக் கம்பியுள்ள ஹெட்செட் அல்லது செல்போனின் சொந்த மைக்கும் ஸ்பீக்கருமே சிறந்தவை. விலையுயர்ந்த இயர்பட்ஸ் வாங்கித் தந்தோமே என்று பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

குரலோடு சேர்ந்து போகிறவை

காருடன் செல்போனை இணைக்கும்போது, "தொடர்புகளையும் அழைப்புப் பட்டியலையும் பகிரலாமா?" என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்திவிடுகிறோம். அத்துடன் நம் செல்போனில் உள்ள பெயர்களும் எண்களும், யார் யாருடன் எப்போது பேசினோம் என்ற பட்டியலும் காரின் நினைவகத்துக்குப் போகின்றன. சில கார்களில் குறுஞ்செய்திகளும் போகும். திரையில் பெயர் காட்டுவதற்காக ஏற்படுத்தப்பட்ட வசதிதான் இது. ஆனால் வாடகைக் காரில் ஒரு பயணத்துக்காக இணைத்தவர், இறங்கிப் போனபின் தன் வீட்டுப் பெண்களின் எண்களை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். காரை விற்பவர் ஆர்சி புத்தகத்தை நினைவாக மாற்றிக் கொடுக்கிறார். காருக்குள் இருக்கும் தொலைபேசிப் பட்டியலை மறந்துவிடுகிறார்.

தவறான எண்ணம் உள்ளவர்கள் இந்த வாசல்களைத் தேடுவதும் உண்டு. 2005-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று, கார்களின் ஹேண்ட்ஸ் ஃப்ரீ கருவிகளில் 0000, 1234 போன்ற மாறாத எண்கள் இருப்பதை வைத்து, சாலையில் போகும் காரின் மைக் வழியாக உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்க முடியும் என்று செய்து காட்டியது. காருக்குள் குரலை அனுப்பவும் அதனால் முடிந்தது. 2019-இல் வேறு ஆய்வாளர்கள், இணைப்பின்போது சாவியின் பலத்தை ஒரே ஒரு பைட் அளவுக்குக் குறைக்கும்படி இரு கருவிகளையும் ஏமாற்றலாம் என்று கண்டறிந்தார்கள். அத்தனை சிறிய சாவியைக் கணினி நொடியில் கண்டுபிடித்துவிடும். அதன்பின் விதிமுறை திருத்தப்பட்டது. நிறுவனங்கள் செல்போன்களுக்கு மென்பொருள் திருத்தங்களை அனுப்பின. 'அப்டேட்' வந்தால் தள்ளிப்போடாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

ஆனாலும் உண்மையைச் சொன்னால், இத்தகைய நிபுணர்களால் நம் குடும்பங்களுக்கு வரும் ஆபத்து குறைவு. நம் மறதியால் வருவதே அதிகம். மாடியில் பிள்ளை இயர்பட்ஸ் மாட்டியிருக்க, கீழே தாய் அழைப்பை எடுக்கிறார். பத்து மீட்டர் எல்லைக்குள் இருப்பதால் பேச்சு பிள்ளையின் காதுக்குப் போகிறது. மத்ரஸா ஸ்பீக்கரோடு ஒரு நிகழ்ச்சிக்காக இணைத்த செல்போனுக்கு, மறுவாரம் சபையில் அனைவர் முன்னிலையிலும் அழைப்பு வருகிறது. கடன் கேட்டு அழைத்தவர், நோயைச் சொல்லி அழைத்தவர், கணவனைப் பற்றிச் சொல்லி அழைத்தவர் என எல்லோருடைய மானமும் ஒரு பழைய இணைப்பில் தொங்குகிறது.

நாம் செய்ய வேண்டியவை

இவற்றைச் செய்து முடிக்க பத்து நிமிடம் போதும். இன்றைக்கே வீட்டில் உள்ள ஒவ்வொரு செல்போனையும் எடுத்துப் பாருங்கள்.

1. செட்டிங்ஸ் பகுதியில் ப்ளூடூத்தைத் திறந்தால், இதுவரை ஜோடி சேர்த்த கருவிகளின் பட்டியல் இருக்கும். அடையாளம் தெரியாதவை, இனி தேவைப்படாதவை அனைத்தையும் நீக்குங்கள். ப்ளூடூத்தை அணைத்தால் மட்டும் சாவி அழியாது. மீண்டும் திறந்தவுடன் பழைய நட்பு தொடரும்.

2. பிறருடைய காரில் கிராஅத்தோ பயானோ கேட்க மட்டும் இணைத்தால், ஆண்ட்ராய்டு செல்போன்களில் அந்தக் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டு, 'அழைப்புகள்' என்பதை அணைத்துவிட்டு, 'மீடியா ஒலி' என்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தொடர்புகளைப் பகிர்வதையும் அங்கேயே நிறுத்தலாம்.

3. வாடகைக் காரிலிருந்து இறங்கும் முன்பும், காரையோ செல்போனையோ விற்கும் முன்பும், இரு பக்கமும் இணைப்பை அழியுங்கள். செல்போனில் மட்டும் நீக்கினால் காரின் நினைவகத்தில் எண்கள் தங்கியிருக்கக்கூடும்.

4. பேசும்போது திரையில் ஸ்பீக்கர் குறி இருக்கும் இடத்தைத் தொட்டால், குரல் இப்போது எங்கே போகிறது என்று தெரியும். காதில் சத்தம் வரவில்லை என்றால் "ஹலோ, ஹலோ" என்று கத்துவதற்கு முன் அதைப் பாருங்கள்.

5. பலர் இருக்கும் காரில் அழைப்பு வந்தால், எடுத்தவுடன் ஸலாம் சொல்லி, "காரில் இருக்கிறேன், கூட ஆட்கள் இருக்கிறார்கள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். எதிர்முனையில் இருப்பவர் தன் மானத்தைத் தானே காத்துக்கொள்வார்.

6. தற்செயலாகப் பிறர் பேச்சு நம் காதில் விழுந்துவிட்டால், அங்கேயே அதைப் புதைத்துவிட வேண்டும். பிறர் குறையைத் துருவுவதையும் புறம் பேசுவதையும் சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். கருவி செய்த தவறு என்பதால் நம் நாவுக்கு அனுமதி கிடைத்துவிடாது.

நன்மையான ஒரு வாசல்

பயமுறுத்துவது நம் நோக்கம் அல்ல. இந்தக் கருவியில் பெரிய நன்மைகளும் இருக்கின்றன. செவித்திறன் குறைந்த முதியவர்கள் பலர், காதில் பொருத்தும் கேட்கும் கருவியையே ப்ளூடூத் வழியாகச் செல்போனோடு இணைத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் குரலைத் தெளிவாகக் கேட்கிறார்கள். 2020-இல் அறிவிக்கப்பட்ட புதிய ஒலி முறையில், ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் எத்தனை காதுக் கருவிகளுக்கும் ஒலிபரப்பும் வசதியும் இருக்கிறது. ஜும்ஆ பயானின் குரல், பின் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கும் காது மந்தமான பெரியவரின் கருவிக்குள் நேரடியாகப் போய்ச் சேரும் நாள் தூரத்தில் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகிகள் இதைக் கருத்தில் வைக்கலாம்.

வாகனம் ஓட்டும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். ஹேண்ட்ஸ் ஃப்ரீ நம் கையை விடுவிக்கும், கவனத்தை விடுவிக்காது. பேச்சு நீளும் என்று தெரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள். நம் உயிரும் பிறர் உயிரும் அமானிதம்தான்.

அந்தச் சகோதரியின் விஷயத்தில், பிறகு இரு வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் பேசினோம். காரில் இருந்த மூவரையும் தனித்தனியே சந்தித்து, கேட்டதை மறந்துவிடும்படி வேண்டிக்கொண்டோம். அதே தெருவைச் சேர்ந்தவர், "நான் ஒண்ணும் கேக்கலையே ஹஜ்ரத்" என்றார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. அன்று இரவே நம் செல்போனில் இருந்த பட்டியலைத் திறந்து பார்த்தோம். பதினொரு கருவிகள் இருந்தன. அவற்றில் நமக்குச் சொந்தமானவை இரண்டு.

உங்கள் செல்போனில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நம்மை நம்பிப் பேசுகிறவர்களின் அமானிதத்தைப் பேணிக் காக்கும் மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.